இந்தக் காணியில் முன்பு என்ன இருந்தது?



இந்த மாதம் உங்களிடம் ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். கேட்பதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். காரணம் கொஞ்சம் நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள்.

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்துகொண்டது. அந்தச் செய்தி எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. விறகுக்கும் மாட்டுக்கும் வயலுக்கும் பயமில்லாமல் போகலாம் என்றானபோது, படுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் அன்றுதான் போர் முடிந்தது. ஒரு மாவட்டத்தின் நிலத்தைத் துப்புரவு செய்து மக்களிடம் திருப்பிக் கொடுத்த வேலை அது. நம் கண்முன்னே நடந்தது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெடி அகற்றும் குழுக்கள் முதலில் கருவியோடு வரவில்லை, கேள்வியோடு வந்தன. முகாம் எதுவரை இருந்தது, எந்தப் பக்கம் மாடு செத்தது, யார் காலை இழந்தார்கள், எந்த ஒழுங்கையால் ஊரார் போவதை நிறுத்தினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பிறகுதான் படம் வரைந்தார்கள், எல்லைக்குக் குறி நட்டார்கள். அதற்குப் பிறகு மண்ணில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். நம் ஊர்ப் பெண்கள் பலரும் அந்த வேலையைச் செய்தார்கள். முடிந்த இடத்தை இன்னொருவர் வந்து மறுபடி சோதித்தார். கடைசியில், இந்த நிலம் இந்த அளவுக்குத் தேடப்பட்டது, இன்ன நாளில் கையளிக்கப்பட்டது என்று ஒரு தாள் எழுதப்பட்டது. விசாரிப்பு, அளப்பு, அகற்றல், மறுசோதனை, எழுத்தில் கையளிப்பு என்ற அந்த வரிசையில் எதையும் அவர்கள் தாண்டிப் போகவில்லை.

வெடிக்காத நஞ்சு கிடக்கும் நிலங்களுக்கு இந்த ஒழுங்கு ஏன் இல்லை? எனக்குப் பல நாளாக இருக்கும் கேள்வி அதுதான். பழைய குப்பைமேடு, மூடிய ஆலை, எரிபொருள் சேமித்த வளவு, பற்றரி உடைத்த கராஜ், குப்பையால் நிரவிய வாவியோரம் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். இவற்றின் மேல் இரண்டு லொறி கிறவல் கொட்டி நிரவிவிட்டால் புதுக் காணி ஆகிவிடுகிறது. வேலி விழுகிறது, அத்திவாரம் எழுகிறது, கிணறு வெட்டப்படுகிறது. அந்தக் கிணற்றில் முதலில் தண்ணீர் அள்ளுகிறவர் கடன்பட்டு அந்தத் துண்டை வாங்கிய இளம் குடும்பத்துத் தாயாக இருப்பார்.

அதே 2017இல் நடந்த இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். பலகாரம் சுட்டு, உறவினரை வரவேற்றுக்கொண்டிருந்த வீடுகள் அவை. மலை வளர்வதைப் பார்த்து அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரில், மட்டக்களப்பு மாநகர சபை குப்பை கொட்டிவந்த திருப்பெருந்துறை மேடு அதே ஆண்டில் தீப்பற்றியது. குப்பை எரியும் புகையில் பொலித்தீன் இருக்கிறது, ரயர் இருக்கிறது, மருந்துப் போத்தல் இருக்கிறது. அயலில் குடியிருந்தவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். விடயம் நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு யூனொப்ஸ் நிறுவனம் அமைத்த கொடுவாமடு நிரப்புதளத்துக்குப் பின்னர் குப்பை திருப்பிவிடப்பட்டது. அங்கே அடியில் விரிப்புப் போட்டு, கசிவு நீரைச் சேர்த்து, முறைப்படி நிரப்பும் ஏற்பாடு உண்டு.

லொறிகள் வேறு திசையில் போகத் தொடங்கியதும் நாம் எல்லோரும் அந்தக் கதை முடிந்ததாக எண்ணிவிட்டோம். திருப்பெருந்துறையில் இருந்தவர்கள் மட்டும் அப்படி எண்ணவில்லை. கொட்டுவது நின்றாலும் கொட்டியது அங்கேயே இருக்கிறது. பழைய குப்பைமேடு பல பத்தாண்டுகள் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். காற்றில்லாத ஆழத்தில் கரிமப் பொருள் அழுகி மெதேன் வாயு பிறக்கும். சில மேடுகள் தானாகத் தீப்பற்றிப் புகைவதும், அணைத்த தீ மறுபடி எழுவதும் அதனால்தான். மழைநீர் மேலிருந்து இறங்கி, பற்றரியின் ஈயத்தையும் உடைந்த குழல்விளக்கின் பாதரசத்தையும் அமோனியாவையும் சேர்த்துக்கொண்டு கறுத்த சாறாக அடியில் வரும். அடியில் விரிப்பு இல்லாத மேட்டில் அந்தச் சாறு நேரே மணலுக்குள் போகும்.

மட்டக்களப்பில் இது மற்ற ஊர்களைவிட மோசம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் இடையில், எழுவான்கரையின் பெரும்பகுதி மணல். அந்த மணலுக்குள் மழைநீர் மெல்லிய படையாக, உப்புநீருக்கு மேல் தங்கி நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். மாரி காலத்தில் வாவி பொங்கி, முகத்துவாரத்தை வெட்டிவிடும் நாட்களில், நிலத்தடி நீர்மட்டம் காலடிக்கே வந்துவிடும். அப்போது வாவியோரத்துக் குப்பையை மழை மேலிருந்து நனைக்கும், நிலத்தடி நீர் கீழிருந்து நனைக்கும். கோடையில் நீர் இறங்கும்போது சாறும் கூடவே இறங்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். எந்த வளவில் இருந்த எது எந்த வளவுக்குப் போனது என்று யாரால் சொல்ல முடிந்தது? உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறது என்று ஆறுதல்படலாம். ஆனால் கிணற்றை விட்டவர்கள் எத்தனை பேர்? தோட்டத்துக் கீரைக்கு எந்தத் தண்ணீர்? வாவியில் வீச்சுவலை எறிந்து பிடித்த இறாலும் நண்டும் யார் வீட்டுச் சட்டிக்குப் போகின்றன?

அப்படியென்றால் பழைய மேட்டை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அங்கேயே வைத்துச் சரியாக மூடுவது. சரிவைத் தணித்து, களிமண்ணோ நீர்புகா விரிப்போ போட்டு, வாயு வெளியேறக் குழாய் நட்டு, சுற்றிவர வடிகால் வெட்டிச் சாறைச் சேர்த்து, சோதனைக் கிணறுகள் போட்டு ஆண்டுதோறும் நீரை அளப்பது. இப்படி மூடிய இடத்தில் வீடு கட்டக் கூடாது. நிலம் ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தாழ்ந்துகொண்டே போகும். பூட்டிய அறைக்குள் மெதேன் சேர்ந்தால் ஒரு தீக்குச்சி போதும். விளையாட்டுத் திடல், மரம், நடைபாதை, சூரிய மின்தகடு ஆகியவை பொருந்தும். மற்ற வழி, மேட்டைத் தோண்டி எடுத்துப் பிரிப்பது. சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று வளர்ந்த பெருங்குடிக் குப்பைமேட்டில் 2022 முதல் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. பழைய குப்பையைக் கிளறி, காயவைத்து, பெரிய சல்லடைகளில் அரித்து, மண்ணை ஒரு பக்கமும் பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் பிரித்தார்கள். எரியக்கூடியது சீமெந்து ஆலைகளுக்குப் போனது. நிலம் மீண்டது. ஆனாலும் அரித்தெடுத்த மண் பார்வைக்கு நல்ல மண்போல் இருக்கும், அதில் ஈயமும் குரோமியமும் ஒட்டியிருக்கக்கூடும். அளந்து பார்க்காமல் அதைத் தோட்டத்துக்கோ வீட்டு வளவு நிரப்பவோ கொடுத்தால், ஒரு மேட்டை நூறு முற்றங்களுக்குப் பங்கு போட்டதாக முடியும்.

பணம் அதிகம் என்பார்கள். அதிகம்தான். அதனால்தான் எந்த நிலத்துக்கு எந்த வழி என்பதை அந்த அயலில் வாழ்பவர்களோடு இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். புகையைக் குடித்தவர்கள் அவர்கள். மீட்ட நிலத்தில் பூங்கா வந்தால் அவர்களுடைய பிள்ளைகள் அதில் விளையாட வேண்டும், தோணிக்காரருக்குத் துறை திரும்பக் கிடைக்க வேண்டும். துப்புரவு முடிந்த கையோடு காணி விலை ஏறி, பழைய குடிகள் வேறெங்கோ ஒதுங்கிப்போகும் கதை உலகத்து நகரங்கள் பலவற்றில் நடந்திருக்கிறது.

அவசரத் துப்புரவு என்ன செய்யும் என்பதற்கு நம் கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடி, டச்பார் எங்கும் கிணறுகளில் கடல்நீர் நின்றது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனத்தோடு இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்புக் குறையும் என்று எல்லோரும் நம்பினோம். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் பின்னர் சொன்னது வேறு. அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் அடியில் இருந்த உப்புநீர் மேலே ஏறிவந்தது. நிலத்தடி நீரைக் கழுவிச் சீராக்கியது பெரும்பாலும் அடுத்த மாரி மழை. உதவிய கைகளை நான் குறை சொல்லவில்லை. மணலுக்கடியில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் மேலே செய்யும் வேலை, எவ்வளவு அன்போடு செய்தாலும், எதிர்ப்பக்கம் போகக்கூடும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனி வாழைச்சேனைக்கு வருவோம். கடதாசி ஆலையைப் பற்றி எழுதாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வடக்குக் கிழக்குக்கு வந்த மூன்று பெரும் ஆலைகளைப் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள்: காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. ஐம்பதுகளின் நடுவில் வாழைச்சேனையில் கடதாசி வரத் தொடங்கியது. நம் வயல்களில் சூடடித்தபின் எரித்துவிடும் வைக்கோல் அங்கே மூலப்பொருள் ஆனது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ஆலை சோறு போட்டது. அதில் வேலை செய்த ஒருவர் நம் ஊர் எதிலும் இருப்பார். அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

வைக்கோலைக் கூழாக்குவது எப்படி என்று பார்த்தால் நிலத்துக்கு என்ன வந்திருக்கும் என்று தெரியும். வைக்கோலை எரிசோடாவில் அவிப்பார்கள். நார் பிரிந்து வரும், மீதி கறுத்த திரவமாக நிற்கும். மரக்கூழ் ஆலைகளில் அந்தக் கறுப்புத் திரவத்தைக் கொதிக்கவைத்துச் சுண்டவைத்து, எரித்து, சோடாவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது குழாய்களிலும் கொதிகலனிலும் படிந்து அடைத்துவிடும். அதனால் வைக்கோலை நம்பிய ஆலைகளுக்கு உலகம் முழுவதும் இந்தத் திரவம் தலைவலிதான். பெரும்பாலும் அருகில் இருந்த நீர்நிலைதான் அதை ஏற்றது. வாழைச்சேனை ஆலையின் கழிவுநீரும் அங்குள்ள வாவியைத்தான் சேர்ந்தது. கூழை வெளுக்க குளோரின் பயன்படுத்தும்போது, மரப்பொருளோடு குளோரின் சேர்ந்து பிறக்கும் சில சேர்மங்கள் எளிதில் சிதையாது. சேற்றில் தங்கி, சேற்றைத் தின்னும் உயிர்களில் ஏறி, மீன் வழியாக மேலே வரும்.

போர் ஆலையை முடக்கியது. கூரைகள் போயின, இயந்திரங்கள் துருப்பிடித்தன. அண்மைய ஆண்டுகளில் பழைய கடதாசியைக் கொண்டு மீண்டும் சிறிய அளவில் இயக்கும் முயற்சிகள் நடந்தன. நடக்கட்டும், வேலை வேண்டும். ஆனால் அந்தப் பெரிய வளவின் எந்தத் துண்டையாவது வேறு தேவைக்குக் கொடுக்கும் நாள் வந்தால், வீட்டுத்திட்டம் என்றாலும் கைத்தொழில் பேட்டை என்றாலும் மைதானம் என்றாலும், முதலில் மண்ணை அளக்க வேண்டும். எரிசோடா வைத்த இடம் எது, குளோரின் வைத்த இடம் எது, உலை எண்ணெய்த் தாங்கி எங்கே நின்றது, கழிவு ஓடிய வாய்க்கால் எது என்பதெல்லாம் அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயையும் விட்டுவிடக் கூடாது. அக்கால மின்மாற்றி எண்ணெய்கள் சிலவற்றில் பிசிபி எனும் நீண்டகால நஞ்சு கலந்திருந்தது. இத்தகைய நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் 2005இல் சேர்ந்த இலங்கை, அத்தகைய எண்ணெயை 2028க்குள் முறைப்படி அகற்ற ஒப்புக்கொண்ட நாடு.

கடதாசி ஆலை வளவு நஞ்சு என்று நான் எழுதவில்லை. அளக்காமல் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, நஞ்சில்லை என்று சொல்லவும் உரிமை இல்லை. அந்த ஆலையில் இருபது முப்பது ஆண்டுகள் நின்றவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் மனத்தில் இருக்கும் வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்காவிட்டால், பிறகு துளையிட்டுத் தேடிச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

ஆலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் சிறிய இடங்களை மறந்துவிடுகிறோம். மோட்டார் திருத்தும் கராஜ் ஒன்று இருபது ஆண்டுகள் கழிவெண்ணெயைப் பின்வளவில் ஊற்றியிருக்கலாம். பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்கிய முற்றம் ஒன்று இருந்திருக்கலாம். ஈயம் மண்ணை விட்டுப் போகாது, கரைந்து மறையவும் மாட்டாது. மேல்மண்ணில் அப்படியே கிடக்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். மூளை வளரும் வயதில் உள்ளே போனால் கற்கும் திறனையே குறைக்கும். அந்தக் குழந்தை வகுப்பில் பின்தங்கும்போது நாம் மண்ணை நினைப்பதில்லை, பிள்ளையைத்தான் ஏசுகிறோம். கராஜ்காரரைத் தண்டிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அவரே அந்த மண்ணில் தன் உடம்பைக் கொடுத்தவர்.

எழுதிவைக்காத வரலாறு என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் லவ் கனால். நயாகரா நீர்வீழ்ச்சி நகரில், கைவிட்ட கால்வாய்க் குழி ஒன்றில் ஹூக்கர் என்ற இரசாயன நிறுவனம் ஏறத்தாழ 21,000 தொன் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. 1953இல் அந்த நிலத்தைப் பள்ளிக்கூடச் சபைக்கு ஒரே ஒரு டொலருக்கு விற்றது. உள்ளே இரசாயனக் கழிவு இருக்கிறது என்று உறுதியிலேயே எழுதியும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றிவர வீடுகள் எழுந்தன. உறுதியில் இருந்த அந்த வரி வீடு வாங்கிய இளம் பெற்றோர் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1978இல் அவசரநிலை அறிவித்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. லொயிஸ் கிப்ஸ் என்ற தாய், தன் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகக் கதவைத் தட்டி விசாரித்துத்தான் அந்தப் போராட்டத்தைத் தொடங்கினார். பாழ்பட்ட நிலங்களைத் துப்புரவு செய்ய அமெரிக்கா 1980இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

கொட்டியவர் செலவைக் கொடுக்க வேண்டும் என்ற நீதி நம் நாட்டிலும் பேசப்பட்டிருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் எல்லோரும் படங்களில் பார்த்தோம். அது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னபோது, மாசுபடுத்தியவரே இழப்பைத் தாங்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்து, அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. கிணற்றுக்காரர்களின் பக்கம் நீதிமன்றம் நின்றது பெரிய விடயம். தமிழ்நாட்டின் கொடைக்கானலில் இன்னொரு கேள்வி எழுந்தது. வெப்பமானி செய்த இந்துஸ்தான் லீவர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மண்ணைப் பற்றிய வாதம் மட்டும் தொடர்ந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்பது நிறுவனத்தின் திட்டம். அது காட்டுக்கும் ஓடைக்கும் மீனுக்கும் போதாது, இன்னும் கடுமையாகக் கழுவ வேண்டும் என்பது ஊராரும் ஆர்வலரும் கேட்டது. எவ்வளவு கழுவினால் போதும் என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நிலத்தில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. லொறி நிற்கும் தரிப்பிடத்துக்கு ஓர் அளவு, பாலர் பாடசாலை முற்றத்துக்கு வேறு அளவு.

நம்மிடம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. மண்ணை மாசுபடுத்துவது அதன்படி குற்றம். மத்திய சுற்றாடல் அதிகார சபை இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள், வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆட்கள் இல்லாத ஊர் அல்ல இது. ஆனால் காணி வாங்கும் ஒருவர் உறுதியைப் பார்க்கிறார், நில அளவைப் படத்தைப் பார்க்கிறார், எல்லைக் கல்லைப் பார்க்கிறார். அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வரவில்லை. பிரதேச செயலகம் ஒவ்வொன்றிலும் அதற்கொரு பதிவேடு திறக்கலாம். கண்ணிவெடி நிலத்துக்கு வரைந்ததைப் போல ஒரு படம், ஒரு குறிப்பு, ஒரு திகதி போதும். சந்தேகம் எழுதப்பட்ட துண்டில் கட்டட அனுமதி கேட்டு ஒருவர் வந்தால், மண்ணையும் கிணற்றையும் சோதித்த அறிக்கையை முதலில் கேட்கலாம். சோதனைச் செலவை வறிய குடும்பத்தின் தலையில் போடாமல் சபை ஏற்கலாம். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாநகர சபையும் இரண்டு பிரதேச சபைகளும் மனம் வைத்தால் தொடங்கிவிடலாம்.

இதை எழுதும்போது ஒரு பயமும் எனக்கு உண்டு. காணியின் பெயர் வெளியே வந்தால் விலை விழும், அயலவர் கோபிப்பார், பழைய பகைக்கு இது புது ஆயுதமாகும். ஓர் ஊர் மற்ற ஊரைப் பார்த்து உங்கள் குப்பை என்று சொல்லும் பேச்சு வாவியின் இரு கரைகளிலும் ஏற்கெனவே போதிய அளவு நடந்துவிட்டது. வாவிக்கு ஊர் எல்லை தெரியாது. புளியந்தீவில் விழுந்த பொலித்தீன் காத்தான்குடிக்கும் போகும், ஆரையம்பதிக்கும் போகும். ஆகவே யார் மீதும் பழி போட இந்தப் பக்கத்தைத் தர மாட்டேன். இடத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இனி நான் கேட்கும் உதவி.

உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பழைய குப்பைக்குழி, நிரவிய குளம், மூடிய அரிசி ஆலை, எண்ணெய்த் தாங்கி நின்ற வளவு, படைமுகாமின் எரிபொருள் வைத்த மூலை, பற்றரி உடைத்த முற்றம், சுனாமி இடிபாட்டைக் கொட்டிய வாவியோரம் என்று எதுவானாலும் சரி. அது எந்த ஆண்டளவில் தொடங்கியது, எப்போது நின்றது, அங்கே என்ன வந்து போனது, இப்போது அதன் மேல் என்ன இருக்கிறது, பக்கத்துக் கிணற்று நீரின் நிறமோ மணமோ மாறியதா, மாரியில் அந்த இடத்து நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். கையால் வரைந்த ஒரு சிறு படம் இருந்தால் இன்னும் நல்லது. கோவில், பள்ளிவாசல், பாலம், பெரிய மரம் என்று அசையாத ஒன்றிலிருந்து தூரத்தைக் குறியுங்கள். காணிச் சொந்தக்காரரின் பெயர் வேண்டாம். எழுத இயலாத பெரியவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கடதாசி ஆலையில் நின்றவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கட்டாயம் எழுத வேண்டும். உங்கள் கடிதங்களுக்காக இடம் ஒதுக்கிக் காத்திருக்கிறேன்.

வரும் குறிப்புகளை ஊர்வாரியாகச் சேர்த்து அடுத்த இதழ்களில் வெளியிடுவோம். ஒரு பிரதியை அந்தந்தப் பிரதேச செயலகத்துக்கும், ஒன்றை மாநகர சபைக்கும், ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோய்க் கையில் கொடுப்போம். எங்கே மண்ணும் நீரும் சோதிக்கப்பட்டன, என்ன முடிவு வந்தது என்பதை விடாமல் கேட்டு உங்களுக்கு அறியத் தருவோம். யாராவது வீட்டு அத்திவாரம் வெட்டும்போது கறுத்த மண்ணோ எண்ணெய் மணமோ தகரப் பீப்பாவோ கண்டால், கடிதத்துக்குக் காத்திராமல் வேலையை நிறுத்தி, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்